பாட்டி வீட்டை இடித்துக் கட்டலாமா?

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா பிறந்த வீடு பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தை ஒட்டிய ஓர் ஊரில் இருக்கிறது. நாட்டு ஓடு, சுண்ணாம்புச் சாந்துச் சுவர், 80 வயது தாண்டிய வீடு. பாட்டி காலமான பிறகு பூட்டியே கிடக்கிறது. அதை இடித்துவிட்டுக் கீழ்த்தளமும் மேலே இரண்டு மாடியும் கட்ட யோசனை. கூகுள் மேப்பில் அளந்ததில் கடலிலிருந்து 300 மீட்டர், ஆற்றங்கரையிலிருந்து 70 மீட்டர் வருகிறதாம். உள்ளூர் மேஸ்திரி, "ரிப்பேர்னு சொல்லிக் கட்டிடலாம் சார், இங்க எல்லாரும் அப்படித்தான்" என்கிறார். உள்ளாட்சி அலுவலகத்தில், "சிஆர்இசட் என்னன்னு பார்த்துட்டு வாங்க" என்று, அதாவது கடலோரக் கட்டுமான விதியைப் பார்த்து வரச் சொல்லி, திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதில் யார் சொல்வதைக் கேட்பது என்பது அவர் கேள்வி.

அவர் கேட்காமல் கேட்டிருப்பது வேறொன்று: இந்த வீட்டை இடித்த பிறகும் அதே இடத்தில் கட்டும் உரிமை என் கையில் இருக்குமா? நம் ஊரில் இப்படி ஒரு சந்தேகமே வராது. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலோ குகைப் பகுதியிலோ பழைய வீட்டை இடித்தால் காலி மனை கிடைக்கும், மாநகராட்சியில் வரைபட அனுமதி வாங்கிப் புதிதாகக் கட்டுவோம், அவ்வளவுதான். கடலோரத்தில் சில இடங்களில் கட்டும் உரிமை மனையோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. அது நின்றுகொண்டிருக்கிற வீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீடு போனால் அதுவும் போகலாம். இந்தப் பதிலில் நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் சேலத்தில் பதிவுபெற்ற கட்டடப் பொறியாளர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சில வருடங்கள் கடலூர், நாகப்பட்டினம் பக்கம் மறுகட்டுமான வேலையில் இருந்தேன். இப்போதும் கடலோரத்தில் சொத்து வைத்திருக்கிற சேலத்துக்காரர்களுக்காக அவ்வப்போது ஆத்தூர் வழியாகப் பஸ் ஏறுகிறேன். வழியில் ஆத்தூரில் வசிஷ்ட நதியைத் தாண்டும்போதெல்லாம் ஒன்று தோன்றும். அந்த ஆறுதான் சுவேதா நதியோடு சேர்ந்து வெள்ளாறு என்று பெயர் மாறிப் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. நம்மூர்த் தண்ணீர் உங்கள் பாட்டி வீட்டுக் கொல்லைப்புறம் வரை போகிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே நடந்த இரும்பு உருக்காலைக்கும் சேலத்துத் தாதுதான் போனது. சரி, கதை போதும். நான் வக்கீல் இல்லை. அளப்பது, வரைவது, அனுமதிக்கு அலைவது, கட்டுவது இவைதான் என் பக்கம். பாகப்பிரிவினை, வாரிசுரிமை பற்றி நான் சொல்வதை நம்பி எதையும் செய்யாதீர்கள்.

முதலில் சட்டம் எங்கிருந்து வருகிறது என்பது. 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 1991 பிப்ரவரி 19 அன்று கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. அதைத்தான் எல்லாரும் சிஆர்இசட் என்கிறோம். 2011 ஜனவரியில் அதை மாற்றி எழுதினார்கள், 2019 ஜனவரியில் மறுபடியும் மாற்றினார்கள். உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தின்போது (ஓதம்) தண்ணீர் எட்டும் மேல் எல்லையிலிருந்து, நிலத்துப் பக்கமாக 500 மீட்டர் வரை இதற்குள் அடக்கம். அதனால் உங்கள் 300 மீட்டர் எந்த அறிவிக்கைப்படி பார்த்தாலும் உள்ளேதான். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. "சிஆர்இசட்டெல்லாம் ரிசார்ட்டுக்குத்தான், வீட்டுக்கு இல்லை" என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆறும் கணக்கில் வரும் என்பது பலருக்குத் தெரியாது. ஓதம் ஏறி இறங்குகிற ஆறு, கழி, உப்பங்கழி எல்லாவற்றின் கரைக்கும் மண்டலம் உண்டு. 2011 அறிவிக்கைப்படி கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019 அறிவிக்கையில் அந்த 100, 50 ஆகிவிட்டது. ஓதம் ஆற்றுக்குள் எதுவரை ஏறுகிறது என்பதைக் கோடை உச்சத்தில் தண்ணீரின் உப்பை அளந்து முடிவு செய்கிறார்கள்: ஆயிரத்தில் 5 பங்கு உப்பு எங்கே முடிகிறதோ அதுவரை. முகத்துவாரத்தில் வெள்ளாறு 100 மீட்டருக்கு மேல் அகலம். அதனால் உங்கள் 70 மீட்டர் 2011 கணக்கில் உள்ளே, 2019 கணக்கில் வெளியே. கடல் பக்கக் கணக்கில் எப்படியும் மாட்டிக்கொள்கிறீர்கள், ஆனாலும் இந்த வித்தியாசம் உங்களுக்கும் முக்கியம், அதைப் பின்னால் சொல்கிறேன். இதே ஆற்றில் கொஞ்சம் மேலே வீடு வைத்திருப்பவருக்கு இந்த ஒரு வித்தியாசமே எல்லாவற்றையும் புரட்டிப் போடும்.

அப்படியானால் எந்த அறிவிக்கை செல்லும்? 2019 அறிவிக்கையே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது: கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் புதிய அறிவிக்கைப்படி திருத்தி ஒப்புதல் பெறும்வரை 2011 அறிவிக்கையும் அதன் வரைபடமுமே தொடரும். ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு தூரத்தில் கட்டலாம்" என்று அல்ல. "என் புல எண்ணுக்கு இன்றைய தேதியில் ஒப்புதல் பெற்று நடப்பில் இருக்கிற வரைபடம் எது, அதில் என் இடம் எந்த வகையில் வருகிறது" என்று எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுமம் இருக்கிறது, அதற்கு மேல் சென்னையில் மாநிலக் குழுமம் இருக்கிறது. வாய்மொழியாக யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய அதிகாரி சொன்னாலும், நாளைக்கு அவர் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

கூகுள் மேப் 300 மீட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் அளந்தது அலை நனைக்கிற மணலிலிருந்து. சட்டம் அளப்பது அங்கிருந்து இல்லை. பெரிய ஓதத்தின்போது, அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, தண்ணீர் நிலத்தில் மிக மேலே எட்டுகிற கோடுதான் உயர் ஓதக் கோடு. முகத்துவாரத்தில் மணல்திட்டு வருடத்துக்கு வருடம் இடம் மாறும். சித்திரையில் பார்த்த கரையைக் கார்த்திகையில் தேடினால் கிடைக்காது. அந்தக் கோட்டைக் குறிப்பதற்கென்றே மத்திய அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் சில உண்டு, அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. மேலாண்மைத் திட்ட வரைபடம் 1:25,000 அளவில் இருக்கும். அதில் 1 மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். பென்சில் கோட்டின் தடிமனிலேயே உங்கள் வீடும் பக்கத்து வீடும் காணாமல் போய்விடும். எல்லைக்கு அருகில் இருக்கிற மனை என்றால், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திடம் கட்டணம் கட்டி, புல எண்ணோடு உயர் ஓதக் கோட்டைப் பொருத்திக் காட்டும் பெரிய அளவு வரைபடம் வாங்குவது நல்லது. செலவு இருக்கிறது. ஆனால் கட்டுமானச் செலவோடு ஒப்பிட்டால் அது கறிவேப்பிலைக் காசு.

இப்போது வகை. வீட்டுக்காரருக்கு முக்கியமானவை இரண்டு. உள்ளாட்சி எல்லைக்குள் கரை வரை ஏற்கெனவே வீடும் ரோடும் குடிநீர்க் குழாயும் வந்துவிட்ட நகரப் பகுதி இரண்டாம் வகை. கிராமப்புறமும், பெரிதாக மாறாத கரையும் மூன்றாம் வகை. அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் கரை, மணல்மேடு இவையெல்லாம் முதல் வகை. அங்கே வீடு என்ற பேச்சே எடுக்க முடியாது. பிச்சாவரம் உங்களுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், கொல்லையில் கண்டல் (அலையாத்தி) செடி எட்டிப் பார்க்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் வகை என்றால் உங்கள் பாடு ஓரளவு சுலபம். ஏற்கெனவே இருக்கிற சாலைக்கோ, ஏற்கெனவே இருக்கிற அனுமதிபெற்ற கட்டடத்துக்கோ நிலத்துப் பக்கமாக வீடு கட்டலாம். அனுமதிபெற்ற பழைய கட்டடத்தைப் பயன்பாடு மாறாமல் திரும்பக் கட்டலாம். உயரமும் பரப்பும் உள்ளூர் நகரமைப்பு விதிப்படி, ஆனால் தளப்பரப்புக் குறியீடு (எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி மனைப் பரப்பால் வகுத்தது) அறிவிக்கை சொல்லும் தேதியில் இருந்த அளவோடு நிற்க வேண்டும். சாலை என்றால் எந்தச் சாலை என்பதில்தான் சூட்சுமம். பழைய சாலைக்குக் கடல் பக்கமாகப் பிற்பாடு போட்ட புதுச் சாலையைக் காட்டி, "நான் சாலைக்கு உள்பக்கம்தான் இருக்கிறேன்" என்று சொல்ல முடியாது என்று அறிவிக்கையிலேயே எழுதிவிட்டார்கள். சுனாமிக்குப் பிறகு போட்ட சிமெண்ட் ரோட்டை நம்பி மனை வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள்.

மூன்றாம் வகை என்றால் கவனம். உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாத பகுதி. 2019 அறிவிக்கை இதை இரண்டாகப் பிரித்தது: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் நெருங்கி வாழும் ஊரில் தடை 50 மீட்டர் மட்டும், அதற்குக் குறைந்த ஊரில் பழையபடி 200 மீட்டர். 2,161 பேர் இருந்தால் கடல் ஒரு மாதிரி, இரண்டு பேர் கூடிவிட்டால் வேறு மாதிரி நடந்துகொள்ளுமோ என்னவோ! அது இருக்கட்டும். தடைப் பகுதிக்குள் உங்களைப் போன்ற வீட்டுக்காரருக்கு அனுமதிக்கப்படுவது பெரும்பாலும் ஒன்றுதான்: ஏற்கெனவே இருக்கிற, அனுமதியுள்ள கட்டடத்தைப் பழுதுபார்ப்பது அல்லது திரும்பக் கட்டுவது. அதுவும் இருக்கிற தளப்பரப்புக் குறியீடு, இருக்கிற அடிப்பரப்பு (தரையில் வீடு பிடிக்கும் இடம்), இருக்கிற அடர்த்தி, இந்த மூன்றையும் தாண்டாமல். ஒரே தளமாக இருக்கும் ஓட்டு வீட்டில் மேலே ஒரு மாடி போட்டால் குறியீடு ஏறிவிடும். ஆகவே அங்கே மாடி என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆற்றுப் பக்கத்தையும் மறக்காதீர்கள்: 2011 கணக்கில் ஆற்றங்கரையின் அந்த 100 மீட்டரும் மூன்றாம் வகையில் தடைப் பகுதிதான், அதனால் உங்கள் 70 மீட்டர் உள்ளே மாட்டும். 2019 கணக்கில் அது 50 மீட்டர், நீங்கள் வெளியே. அப்போது உங்கள் 300 மீட்டர் சரி என்றால் நீங்கள் 200க்கும் 500க்கும் நடுவில் வருவீர்கள். அங்கே பாரம்பரிய உரிமை, வழக்கமான பயன்பாடு இவற்றுக்கு உட்பட்டு வீடு கட்டலாம், திரும்பவும் கட்டலாம். உயரம் 9 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, கீழ்த்தளமும் ஒரு மாடியும் சேர்த்து இரண்டு தளம்தான். ஆகவே மூன்றாம் வகையில் நீங்கள் நினைக்கிற மூன்று தளம் நடக்காது. இது நிச்சயம். நிச்சயமில்லாதது வேறொன்று: "பாரம்பரிய உரிமை" உங்களுக்கு உண்டா என்பது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே மீன்பிடித்து வாழ்கிறவருக்கு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். அம்மாப்பேட்டை ரேஷன் கார்டோடு வருகிறவரிடம் கேட்கலாம். ஊரில் இருந்த குடும்பத்தின் வாரிசு, நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலம்) இருக்கிற பழைய வீடு என்று காட்டினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம். ஆனால் அனுபவம் சட்டம் ஆகாது. கோப்பைப் பார்க்கிறவர் எப்படி வாசிக்கிறாரோ அப்படி.

வீட்டின் மொத்தக் கட்டுமானப் பரப்பு 300 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 3,229 சதுர அடிக்குள், சொந்தக் குடியிருப்பாக இருந்தால் 2019 அறிவிக்கை ஒரு சலுகை தருகிறது. மாநிலக் குழுமத்தின் பரிந்துரை இல்லாமலே உள்ளாட்சி அமைப்பு, சிஆர்இசட் விதிகளைப் பரிசீலித்துவிட்டு, அனுமதி கொடுக்கலாம். நடப்பில் இருப்பது 2011 வரைபடம் என்றால் பரிந்துரை வாங்கித்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 2024இல் வந்த சுயசான்று முறையைப் பற்றியும் கேட்பீர்கள்: 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடு, ஆன்லைனில் உடனடி அனுமதி. அதில் "எல்லாம் விதிப்படி இருக்கிறது" என்று சான்று சொல்கிறவர் நீங்கள். கடலோர மனைக்கு அந்தப் பொத்தானை அழுத்துவதால் சிஆர்இசட் கேள்வி மறைந்துவிடாது, உங்கள் கையெழுத்தோடு காத்துக்கொண்டிருக்கும்.

உள்ளாட்சி அனுமதி ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள் கொச்சி மரடுவை நினைத்துப் பார்க்க வேண்டும். 2006இல் அந்த ஊர்ப் பஞ்சாயத்து கொடுத்த கட்டட அனுமதியை வைத்துக்கொண்டு காயலோரத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. சிஆர்இசட் அனுமதி இல்லை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு வளாகங்களையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதில் குடியிருந்தவர்கள் காசு கொடுத்து, பதிவு செய்து, வரி கட்டிய சாதாரண ஜனங்கள்தான். நடைமுறையில் சலுகை இருந்தாலும், சிஆர்இசட் விதி ஒரு மாடி வீட்டுக்கும் பொருந்தும்.

இனி மேஸ்திரி சொன்ன "ரிப்பேர்". அவரைத் தப்பாகச் சொல்ல மாட்டேன், ஊரில் நடப்பதைத்தான் சொல்கிறார். ஒரு சுவரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை இடிப்பது, தார்ப்பாய் கட்டி மறைத்து உள்ளே தூண் எழுப்புவது, இதெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். ஓடு மாற்றுவது, சரம் (கூரை தாங்கும் மரச்சட்டம்) மாற்றுவது, விரிசல் அடைப்பது, தரை போடுவது ரிப்பேர். அஸ்திவாரம் தோண்டினால் அது ரிப்பேர் இல்லை. முன்பெல்லாம் நேரில் வந்து பார்த்தால்தான் தெரியும். இப்போது வருடா வருடம் எடுத்த செயற்கைக்கோள் படத்தை யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். ஓட்டுக்கூரையின் சிவப்பு ஒரு வருடம் இருக்கும், அடுத்த வருடம் வெள்ளை மொட்டைமாடி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரோடு வேலித் தகராறு வந்தால் முதலில் அவர் எடுத்துப் போவது அந்தப் படத்தைத்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சூரமங்கலத்தில் இருக்கிற ஒரு குடும்பம், கடலூர் மாவட்டத்தில்தான் அவர்களுக்கும் பூர்வீக வீடு. ஆடி பிறப்பதற்குள் இடித்துவிட வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். ஜேசிபி வைத்து ஒரே நாளில் சமமாக்கிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். நான் போனபோது அந்த இடத்தில் இருந்தது ஒரு கிணறு, ஒரு ஆட்டுக்கல், வாசற்படிக் கருங்கல். தேக்குத் தூண்கள் ஏற்கெனவே விலைபோயிருந்தன. அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி: "பழைய வீட்டின் அடிப்பரப்பு எவ்வளவு?" பதில் சொல்ல வீடு இல்லை. பெரியவர் நடந்து காட்டினார்: இங்கே திண்ணை, இங்கே ரேழி, இங்கே முற்றம். மண்ணைத் தோண்டி அஸ்திவாரக் கோட்டைத் தேடினோம். ஒரு பக்கம் கிடைத்தது, இன்னொரு பக்கம் ஜேசிபி அதையும் சேர்த்து அள்ளிப் போயிருந்தது. கடைசியில் ஒரு கல்யாண ஆல்பத்தில், மாப்பிள்ளை அழைப்புப் போட்டோவின் பின்னணியில், முன்பக்கச் சுவர் முழுசாகத் தெரிந்தது. அதில் ஜன்னல்களை எண்ணி அகலத்தைக் கணக்கிட்டேன். இரண்டு வருடம் இழுத்து, கேட்டதில் பாதிக்கும் குறைவான பரப்புக்குத்தான் வழி கிடைத்தது.

அதனால் நிற்கிற வீட்டை ஒரு பத்திரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இடிப்பதற்கு முன்னால் அதை அளந்து வரையச் சொல்லுங்கள்: வெளிச்சுவர் அளவு, உள்சுவர், திண்ணை, முற்றம், பின்கட்டு, கிணறு, கழிப்பறை, மனையின் நான்கு மூலையிலிருந்தும் தூரம். திண்ணையும் முற்றமும் அடிப்பரப்பில் சேருமா என்பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் கருத்து மாறுகிறது. வரைபடத்தில் தனித்தனியாகப் பரப்பு போட்டு வைத்தால் வாதாடவாவது முடியும். எல்லாப் பக்கமும் போட்டோ, தெருவில் பக்கத்து வீடும் சேர்ந்து தெரிகிற மாதிரி. கூடவே பழைய வீட்டு வரி ரசீதுகள், குறிப்பாக 1991 பிப்ரவரிக்கு முந்தியவை. பாட்டியின் டிரங்குப் பெட்டியில், பஞ்சாங்கத்துக்கு நடுவில், நிச்சயம் நாலு ரசீது இருக்கும். மின் இணைப்பு வாங்கிய தேதி, நத்தம் பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, வீடு என்று குறிப்பிட்டு நான்கு எல்லை சொல்லும் பழைய பத்திரம். "அனுமதியுள்ள கட்டடம்" என்ற சொல்லுக்கு 80 வருட ஓட்டு வீட்டில் வரைபட அனுமதி என்று எதுவும் கிடைக்காது. இந்தக் காகிதங்கள்தான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். ரசீது இல்லையென்றால் உள்ளாட்சியின் பழைய வரிப் பதிவேட்டிலிருந்து தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம்.

இன்னும் இரண்டு விஷயம், சேலத்துக்காரர்கள் வழுக்கி விழுகிற இடங்கள். ஒன்று போர்வெல். நமக்கு மனை வாங்கிய மறுநாளே திருச்செங்கோட்டு வண்டியைக் கூப்பிட்டுப் பழக்கம். உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பது அங்கே குடியிருக்கிற உள்ளூர் மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும். 200க்கும் 500க்கும் நடுவில், வேறு தண்ணீர் இல்லாதபோது, குடிக்கவும் பயிருக்கும் மீன்தொழிலுக்கும் சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைப்பதற்குத்தான் 2011 அறிவிக்கை இடம் தருகிறது. பாட்டியின் கிணற்றை மூடாதீர்கள். ஆழமாகத் துளைத்தால் உப்புத்தான் ஏறும் என்பது அனுமதியைவிடப் பெரிய காரணம். இரண்டாவது, வாடகைக்கு விடும் ஆசை. நீங்கள் எழுதவில்லை, ஆனால் மூன்று தளம் என்றதும் எனக்கு அப்படித்தான் தோன்றியது. திரும்பக் கட்டும் உரிமை வீடு வீடாகவே இருக்கிற வரைக்கும்தான். உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பதை 2019 அறிவிக்கை ஏற்கிறது, அதுவும் இருக்கிற வீட்டின் அடிப்பரப்பும் முகப்பும் மாறாமல். லாட்ஜ் மாதிரி அறைகளோடு வரைபடம் கொடுத்தால் அது வேறு கோப்பு.

ஏற்காட்டில் இடம் வைத்திருப்பவர்களுக்கு இந்த நடைமுறையெல்லாம் புதிதாகத் தெரியாது. கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டால் மலையிடப் பாதுகாப்புக் குழுமம், சரிவு, மண், மரம் என்று கீழே இல்லாத கேள்விகளெல்லாம் வந்துவிடும். ஒரு சில்வர் ஓக் மரத்தை வெட்டக்கூட யோசிக்கிறோம். மலையில் சரிவைக் கேட்கிற மாதிரி கரையில் ஓதத்தைக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபம் குறையும்.

கடைசியாக, யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: அந்த வீட்டை இடிக்கத்தான் வேண்டுமா? சுண்ணாம்புச் சுவரில் துருப்பிடிக்க இரும்பு இல்லை, அதனால்தான் உப்புக்காற்றில் 80 வருடம் நின்றிருக்கிறது. அதே கரையில் கட்டி 12 வருடம்கூட ஆகாத ஒரு கான்கிரீட் வீட்டின் சன்ஷேடைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். மேல்பூச்சு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. உள்ளே கம்பி, அடுக்கடுக்காக உரியும் கருவாட்டுச் செதில் போல. காரணம் எளிது: நம்மூர்ப் பழக்கத்தில் எம்20 என்ற வலிமைத் தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் சொற்பக் கனம், கலக்கியது உள்ளூர் உப்புத்தண்ணீர். கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 விதிநூல் கடலோரச் சூழலைக் கடுமையானது என்று வகைப்படுத்தி, குறைந்தது எம்30 கலவையும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறது. சாதாரண இடத்தில் 20 மில்லிமீட்டர் போதும். இந்த 25 மில்லிமீட்டர் வித்தியாசத்தை மேஸ்திரி "வேஸ்ட் சார்" என்பார். விடாதீர்கள். புதிதாகக் கட்டினால் இந்தச் செலவு உண்டு. ஓட்டையும் சரத்தையும் மாற்றி, சுவரைச் சுண்ணாம்பாலேயே பூசி, பின்கட்டில் கழிப்பறையைச் சரிசெய்தால் பாதிச் செலவில் முடியும், அனுமதிச் சிக்கலும் மிகக் குறைவு. சிமெண்டால் மட்டும் பூசிவிடாதீர்கள், சுவர் மூச்சுவிட முடியாமல் உள்ளே ஈரம் தங்கிப் பொரிந்துபோகும். சுவர் வெடித்துச் சாய்ந்திருக்கிறதா, கரையான் சரத்தை மட்டும் தின்றிருக்கிறதா என்பது நேரில் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாத விஷயம். நல்ல சுவர் என்றால் நான் இடிக்கச் சொல்ல மாட்டேன்.

ஐப்பசி மழை தொடங்கினால் அந்தப் பக்கம் அளவெடுக்க முடியாது, வீட்டுக்குள் முட்டியளவு தண்ணீர் நிற்கும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள், எந்த அறை எப்போது கட்டியது என்று அவருக்குத்தான் தெரியும். ஊர் பேரூராட்சியா ஊராட்சியா, இடம் நத்தமா பட்டாவா, வரி ரசீதில் மிகப் பழைய வருடம் எது, இந்த மூன்றையும் எழுதுங்கள். மேற்கொண்டு சொல்கிறேன். அதுவரை ஓட்டைப் பிரிக்க ஆள் வைக்காதீர்கள், மேஸ்திரிக்கு அட்வான்ஸும் கொடுக்காதீர்கள்.